பாறுகளுக்கு இரை வைத்துப் படம் எடுக்கலாமா? மாயாற்றுப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஊனுண்ணிப் பறவைகள் தின்பதைக் கிட்டத்தில் படமெடுக்க உலகம் முழுக்க ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. தீனி போடுவதுதான் அது. மலேசியாவின் லங்காவியில் படகோட்டிகள் தண்ணீரில் கோழித்தோலை வீசுகிறார்கள். செம்பருந்துகள் கூட்டமாக இறங்கி அள்ளிக்கொண்டு போகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ராவுசு கடற்கரையில், மிதக்கும் பனிக்கட்டிமேல் மீனைப் போட்டுக் கடற்கழுகுகளை வரவழைக்கிறார்கள். வேல்ஸில் கிக்ரின் பண்ணையில் தினமும் பிற்பகல் இறைச்சி போடுகிறார்கள். பருந்துக் கூட்டத்தைப் படமெடுக்க மறைவிடங்களும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் எது சரி, எது தப்பு என்பது தனி விவாதம். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஓர் இடத்தை: நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு. அங்கே பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், உண்பதை எப்படிப் படமெடுப்பது, எடுத்த படத்திலிருந்து என்ன தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி. தீனி போட்டு மட்டும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு இடங்களில் தீனி போடுவது பறவையின் பழக்கத்தைக் கெடுக்கிறது என்று வாதிடலாம். மாயாற்றில் அது பறவையைக் கொன்றே விடலாம்.

இடம்

முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய இரண்டு புலிகள் காப்பகங்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது மாயாறு. ஆற்றுக்குத் தெற்கே சீகூர் பீடபூமி. நீலகிரியின் மழைமறைவுப் பகுதி என்பதால் முள்மரங்களும் வறண்ட புதர்களும்தான் அதிகம். ஆற்றோரத்தில் மட்டும் நீர்மருது மரங்கள் ஓங்கி நிற்கும். சிறியூர், ஆனைகட்டி, ஜகலிக்கடவு பக்கம் அந்த மருத மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுக்கு மரம் ஒத்துவராது. அதற்குச் செங்குத்தான பாறை முகடு வேண்டும், எப்பநாடு பக்கம் இருப்பது போல. செந்தலைப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இதே வட்டாரத்தில் உண்டு. ஆக நான்கு வகை. தமிழ்நாட்டில் இந்த நான்கையும் ஒருசேரப் பார்க்க வாய்ப்புள்ள இடம் என்றால் இதுதான்.

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் எடுத்த கணக்கில் 320. பத்தே மாதத்தில் எழுபதுக்கு மேல் கூடிவிட்டன என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு ஜோடி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானே இனப்பெருக்கம் செய்ய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட பறவை பத்து மாதத்தில் அந்த வேகத்தில் பெருகாது. எண்ணிய இடங்கள், பருவம், எண்ணியவர்களின் அனுபவம் எல்லாமே கணக்கைக் கூட்டும், குறைக்கும். ஒரு மாட்டை நம்பி முந்நூற்றுச் சொச்சம் பறவைகளில் முப்பது இறங்கினால் என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மாநிலத்துக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

பந்தியில் யார் எங்கே

இரையை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காக்கைதான். நம் நாட்டுப் பாறுகள் மோப்பம் பிடித்து வருவதில்லை. கண்ணால் பார்த்தே வருகின்றன. இரையை மட்டுமல்ல, ஒன்றையொன்றும் கண்காணித்தபடியே வட்டமிடுகின்றன. ஒன்று இறக்கையை மடக்கிச் சரிந்தால், அதைத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொன்றும் அந்தத் திசைக்குத் திரும்பும். அப்புறம் அதைப் பார்க்கும் மூன்றாவது. உண்ணும் காட்சியைப் பதிவு செய்ய நினைப்பவர் இறந்த மானைப் படமெடுப்பதற்கு முன்பே வானத்தைப் படமெடுக்கத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்தத் திசையிலிருந்து, எந்த வரிசையில் வந்தன என்பது அப்போதுதான் பதிவாகும்.

இறங்கியவுடனே தின்ன ஆரம்பித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்து மரத்தில் உட்காரும், தரையில் இறங்கித் தள்ளி நிற்கும், கழுத்தை நீட்டிப் பார்க்கும். புலி அடித்த கடமான் என்றால் புலி பக்கத்துப் புதரிலேயே படுத்திருக்கலாம். இந்தத் தயக்கம் நீண்டுகொண்டே போனால் படமெடுப்பவர் தன்னைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: பறவை பயப்படுவது புலிக்கா, எனக்கா?

1960களில் செரெங்கெட்டியில் பாறுகளைக் கவனித்த விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக், உண்ணும் விதத்தை வைத்து அவற்றை மூன்றாகப் பிரித்தார். உள்ளே கழுத்தை விட்டு இழுப்பவை, தோலையும் தசைநாரையும் கிழிப்பவை, சிதறியதைக் கொத்திப் பொறுக்குபவை. ஆப்பிரிக்கப் பறவைகளைப் பற்றிச் சொன்னதானாலும் மாயாற்றுப் பந்திக்கும் இது பொருந்துகிறது.

வெண்முதுகும் கருங்கழுத்தும் முதல் ரகம். நீண்ட, இறகு குறைந்த கழுத்து. இறந்த விலங்கின் தோலைக் கிழிப்பது இவற்றுக்குச் சுலபமல்ல; ஆகவே கண், வாய், ஆசனவாய், இல்லையென்றால் புலியோ செந்நாயோ ஏற்கெனவே திறந்து வைத்த காயம் வழியாகத்தான் உள்ளே போகும். நாக்கின் ஓரத்தில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் வழுக்கும் சதையும் நழுவாது. தலை உள்ளே போய்விட்டால் பறவைக்கு வெளியே நடப்பது தெரியாது. அந்த நேரம் பார்த்து இன்னொன்று முதுகில் ஏறும். இறக்கையை விரித்து, காலை முன்னுக்கு நீட்டி, சீறிக்கொண்டு பாயும் அந்தச் சண்டைதான் எல்லோரும் விரும்பி எடுக்கும் படம். அதில் குறையில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்தான் யார் யாரை நகர்த்தினார்கள் என்பதைச் சொல்லும்.

செந்தலைப் பாறு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் வரும். தலை அகன்றது, அலகு தடித்தது. கிழிப்பதற்கென்றே அமைந்தது போல இருக்கும். இருந்தும் வெண்முதுகுகள் மொய்க்கும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். இதைப் படமெடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் விழ வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்வதல்ல. வளர்ந்த ஆணின் கண் வெளிர்மஞ்சள், பெண்ணின் கண் கரும்பழுப்பு. ஒரே படத்தில் இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தால் வந்திருப்பது ஆணும் பெண்ணுமா என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கையில் இவ்வளவு சுருங்கிப்போன ஒரு பறவைக்கு அது பெரிய தகவல்.

கடைசியில் வருவது மஞ்சள்முகம். ஒல்லி அலகு, சின்ன உடம்பு. சண்டைக்குப் போகாது, பெரியவை இழுத்துச் சிதறியதைப் பொறுக்கும். கால்நடைச் சாணத்தையும் தின்னும். அதன் முகத்து மஞ்சள் நிறத்துக்கு வேண்டிய நிறமி அதிலிருந்துதான் கிடைக்கிறது என்று ஸ்பெயினில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக, சாணத்தைக் கிளறும் மஞ்சள்முகத்தின் படமும் உண்ணும் காட்சிதான். அதை அழித்துவிடாதீர்கள்.

கானலும் நேரமும்

பாறு கனமான பறவை. வெண்முதுகே மூன்றரை முதல் ஏழரை கிலோ வரை இருக்கும். இறக்கையை அடித்துக்கொண்டே பறந்தால் கட்டுப்படியாகாது. தரை சூடாகி எழும்பும் வெப்பக் காற்றில் ஏறித்தான் வட்டமிட முடியும். அதனால் வெயில் ஏறிய பிறகே வானத்தில் தென்படும், அதற்கு அப்புறமே இரைக்கு இறங்கும். பறவையைத் தூக்கிவிடும் அதே சூடான காற்றுதான் நீள லென்ஸில் கானலாக அலைந்து படத்தைக் குலைக்கிறது. காலை ஏழு மணிக்குப் படம் கத்தி போல இருக்கும், பறவை இருக்காது. பதினொரு மணிக்குப் பறவை இருக்கும், இறகின் விளிம்பு கரைந்திருக்கும். லென்ஸ் சரியில்லை என்று பழுதுபார்க்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கிட்டப் போவதுதான் வழி என்று தோன்றும். அது வழியல்ல. கானல் தரையை ஒட்டித்தான் அதிகம். வண்டிக்குள் உயரமாக உட்கார்ந்து எடுத்தாலே ஓரளவு குறையும். மேகம் மூடிய நாள் நல்லது. ஜன்னலை இறக்கி, என்ஜினை அணைத்து, வண்டிக்குள் இருக்கும் சூடு வெளியேறும்வரை பொறுக்க வேண்டும். கண்ணாடி வழியே அலையும் சூடும் ஒரு கானல்தான். அப்படியும் தெளிவு வரவில்லை என்றால் பறவையைச் சட்டம் நிறைய எடுக்கும் ஆசையை விட்டுவிட்டுக் கூட்டத்தை அகலமாக எடுக்கலாம். நடத்தையைப் பதிவு செய்ய அகலமான படம்தான் உதவும்.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெண்முதுகின் உடல் கருப்பு. பிடரியும் முதுகின் அடிப்பகுதியும் வெள்ளை. கேமராவின் தானியங்கிக் கணக்கு கருப்பைப் பார்த்து ஏமாந்து வெள்ளையை வெளுத்துவிடும். வெள்ளையைக் காப்பாற்றும் அளவுக்குக் குறைத்து எடுத்து, கருப்பைப் பிறகு தூக்கிக்கொள்வது நல்லது. அந்த வெள்ளைத் திட்டு வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு. இளம் பறவையின் முதுகு பழுப்பு. வெள்ளை வெளுத்துப்போன படத்தில் வயதைப் பிரிப்பது கஷ்டம். சண்டைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். இன்னொன்று: கேமரா கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். வரிசையைச் சொல்லும் பதிவில் நேரம் தப்பாக இருந்தால் மற்ற எல்லாம் வீண்.

தீனிப்பை

ஒரு பாறு தின்றதா இல்லையா என்பதைக் கழுத்தின் கீழே பார்த்தால் தெரியும். நெஞ்சுக்கு மேலே தீனிப்பை புடைத்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். வெறும் வயிற்றோடு வந்தபோது அதே இடம் உள்வாங்கி, நெஞ்சு இறகு படிந்திருக்கும். ஒரே பறவையை இந்த இரண்டு நிலையிலும் பக்கவாட்டில் எடுக்க முடிந்தால் அதன் சாப்பாட்டு நேரத்தையே கணக்கிடலாம். முன்பக்கமாக எடுத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

புடைத்த அந்தப் பையில் இருப்பது அந்தப் பறவைக்கு மட்டுமான உணவல்ல. ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கிக் கோடை வரை நீளும் இனப்பெருக்கக் காலத்தில், குஞ்சுக்குப் போகும் சாப்பாடும் அதுதான். பாறு இரையைக் காலில் தூக்கிக்கொண்டு போகாது. தீனிப்பையில் கொண்டுபோய்க் கூட்டில் கக்கி ஊட்டும்.

வயிறு நிறைந்த பாறால் சட்டென்று எழும்ப முடியாது. திடீரென்று மிரட்டினால் கனத்தைக் குறைக்கத் தின்றதைக் கக்கிவிட்டுப் பறக்கும். பத்தடி கூடக் கிட்டப் போக நினைத்த ஒருவரால் மருத மரத்தில் காத்திருக்கும் குஞ்சு அன்றைக்குப் பட்டினி. அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. இப்போதெல்லாம் புலி அடித்தது பல நேரம் உண்ணிச்செடிப் புதருக்குள் கிடக்கிறது. மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தாலும் இறங்க இடமில்லை, ஓடி எழும்பவும் இடமில்லை. சீகூரில் சீமைக்கருவேலத்தையும் உண்ணியையும் அகற்றுவது யானைக்கும் மானுக்கும் மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

தீனி வைத்தால் என்ன ஆகும்

சரி, கிட்டப் போகாமல், மறைவிடம் கட்டி, திறந்தவெளியில் செத்த மாட்டைக் கொண்டுவந்து போட்டால் என்ன? பறவைக்கும் சாப்பாடு, நமக்கும் படம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த மாடு எப்படிச் செத்தது, சாவதற்கு முன் அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதுதான் இங்கே உயிர்ப் பிரச்சினை.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. காரணம் 2004-இல் தெரியவந்தது. லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்து ஆராய்ந்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது, சிறுநீரகம் கெட்டிருந்தது. மாட்டுக்கு வலி குறைய, வீக்கம் வடியப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட சில நாள்களுக்குள் செத்த மாட்டைத் தின்ற பாறு, ஓரிரு நாளில் செத்துவிடும். நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இனம் சரியப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு மாட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பறவைகள் தின்னும் என்பதைப் பந்தியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆச்சரியமாக இருக்காது.

2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-இல் அதே வகை வலிமருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் கிடைக்கிறது. தடைகள் நல்லவை. ஆனாலும் கிராமத்தில் செத்துக் கிடக்கும் ஒரு மாட்டைப் பார்த்து, இதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கியவருக்கும் தெரியாது, சில நேரம் விற்றவருக்கே நினைவிருக்காது. அதைப் பள்ளத்தாக்குக்குள் இழுத்துவந்து போடுகிறவர் மருந்துக் கடைக்கும் பாறுக்கும் நடுவில் தானே ஒரு பாலம் போடுகிறார். அதோடு, காப்பகத்துக்குள் அப்படிச் செய்வது சட்டப்படியும் குற்றம்.

காட்டில் செத்த விலங்குக்கு இந்த ஆபத்து இல்லை. முதுமலையில் இறந்த யானையை உடற்கூறாய்வு முடிந்ததும் புதைக்காமல் விட்டுவிடுவது அதனால்தான் முக்கியமான முடிவு. பாறுகளுக்கு அது மருந்து கலக்காத உணவு.

தீனி வைத்தும் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்று நேபாளம் காட்டியது. நவல்பராசி மாவட்டத்தில் பிதௌலி கிராம மக்கள் 2006 வாக்கில் தொடங்கிய பாறு உணவிடத்தில், வயதான மாடுகளை வாங்கி, தாங்களே பராமரித்து, தீங்கான மருந்து எதுவும் கொடுக்காமல், இயற்கையாகச் செத்த பிறகே பறவைகளுக்கு வைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்குத் தள்ளி ஒரு மறைவிடம். மாட்டின் கடைசிக் காலம் முழுக்க அவர்கள் பொறுப்பில் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். ஒரு சனி, ஞாயிறு படமெடுக்க வருகிறவரால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.

நம் ஊரிலும் பாறுக்குச் சோறு வைத்த வழக்கம் உண்டு. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்கு முன்னால் வந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகளுக்கு அர்ச்சகர் நெய்யும் சர்க்கரையும் கலந்த அன்னத்தை ஊட்டியதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். கிண்ணத்துக்கு அருகே கூச்சமில்லாமல் நிற்கும் அந்தப் பறவைகளின் பழைய படங்களை இன்று பார்க்கும்போது எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. அங்கே இப்போது பறவைகள் வருவதில்லை.

படத்தை எங்கே கொடுப்பது, எதை மறைப்பது

கூடு இருக்கும் மரம் அடையாளம் தெரியும்படியான படத்தைப் பொதுவில் போடாதீர்கள். கைபேசியும் கேமராவும் படத்தோடு சேர்க்கும் ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். கூட்டம் எங்கே இறங்கியது என்று அன்றைக்கே எழுதினால் மறுநாள் அங்கே வண்டிகள் வரிசை கட்டும். வனத்துறைக்கும் பாறுகளுக்காக அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் அருளகம் போன்ற அமைப்புகளுக்கும் முழுத் தகவலையும் வெட்டாத படங்களையும் கொடுக்கலாம். அழகான ஐந்தைப் பொறுக்காமல் முழுத் தொடரையும் கொடுங்கள். எத்தனை வளர்ந்தவை, எத்தனை இளசுகள், எது முதலில் இறங்கியது, எது வயிறு நிறையாமலே போனது என்பதெல்லாம் நீங்கள் கழித்துப்போட நினைத்த படங்களில்தான் இருக்கும்.

கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தனியாகக் கவனியுங்கள். மருந்து நஞ்சேறிய பறவைகளில் இந்த நிலையைப் பார்த்திருக்கிறார்கள். கடும் வெயிலில் நல்ல பறவையும் அப்படித் தொங்கப்போடும் என்பதால் ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. நேரம் குறித்து அடுத்தடுத்து எடுத்த படங்கள் வேண்டும்.

செத்த பாறு ஒன்றைப் பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். கிடக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் படமெடுங்கள். பக்கத்தில் இறந்த கால்நடை, நாய், காக்கை இருக்கிறதா என்று பார்த்து அவற்றையும் எடுங்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியின் எமரால்டு பகுதியில் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன. அதே மாதிரி மாட்டில் பாறு இறங்கினாலும் முடிவு அதுதான். விஷமா, வலிமருந்தா என்பதைச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சோதித்தால்தான் சொல்ல முடியும். வெயிலில் உடல் அழுகத் தொடங்கிவிட்டால் அந்தச் சோதனை கடினம். அதனால் வனத்துறைக்கு அந்த நிமிடமே அழைத்துச் சொல்லுங்கள். படங்களை இரவு வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம்.